மதிப்பெண்ணுக்குப் பரிசாக ஒரு நாயா?

மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், நாய்க் காப்பகங்களுக்கு ஒரு தினுசான தொலைபேசி அழைப்பு வரும். நேரம் கிடைக்கும்போதெல்லாம் காப்பகம் ஒன்றில் உதவிக்குப் போகிறவள் நான். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். "நானூத்தி அம்பதுக்கு மேல வாங்கினா நாய் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேங்க. வாங்கிட்டா. பசங்களோட நல்லாப் பழகுற நாயா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க" என்பார் ஓர் அப்பா. குரலில் பெருமை பொங்கும். மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையும் இருக்கும்.

அந்தப் பெண் நானூற்று நாற்பது வாங்கியிருந்தால்? நாய் வளர்க்கும் ஆசைக்கு அவளுக்குத் தகுதி இல்லாமல் போயிருக்குமா?

பிள்ளைகளைப் பெற்ற நாம் எல்லோரும் இந்தக் கணக்கில் சிக்கியவர்கள்தான். சைக்கிள், கைபேசி, சுற்றுலா என்று எதைக் கொடுத்தாலும் முன்னால் ஒரு மதிப்பெண்ணை நிறுத்திவிட்டுத்தான் கொடுக்கிறோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்ற கவலைதான். ஆனால் சைக்கிளுக்கு உயிர் இல்லை. பத்து நாள் ஓட்டிவிட்டு மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்தால் அது வருந்தாது. ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு வாழப்போகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பெண் கல்லூரிக்குப் போய், வேலைக்குப் போய், வேறு ஊருக்கே குடிபோன பிறகும் அது நம் வீட்டு வாசலில் இருக்கும்.

கடைக்குப் போகாமல் காப்பகத்துக்கு வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சென்னையில் இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1959-இல், மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கியது என்று சொல்வார்கள். மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டுவிடுவோம் என்று 1964-இலிருந்து அவர்கள் சொல்லி வந்தார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல்தான். 2001-இல் நாடு முழுவதற்கும் அதுவே விதியானது. கேப்டன் சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா பின்னாளில் அதே அமைப்பை வழிநடத்தினார். வீட்டில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

ஒரு கோரிக்கைக்காக அவர்கள் முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த நாய்க்காக நம்மால் மூன்று வாரம் காத்திருக்க முடிகிறதா?

நாய் வரும் நாளைப் பாருங்கள். வாசலில் கோலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடத்தில். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வீடியோ அழைப்பில். பாட்டி ஒரு பக்கம் "பிஸ்கட் போடு" என்கிறார், மாமா ஒரு பக்கம் "ஷேக் ஹேண்ட் கொடு" என்று கையை நீட்டுகிறார். பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ள, யாரோ படம் எடுக்கிறார்கள். "சிரிக்குது பாரு!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். காது பின்னால் மடிந்திருக்கிறது. நாக்கு மூக்கு நுனியை நக்குகிறது. முகம் பிள்ளையிடமிருந்து விலகித் திரும்பியிருக்கிறது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிகிறது. வால் தொடைக்கு நடுவில். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். நாய்களோடு பழகியவர்கள் இதைச் சிரிப்பு என்று சொல்ல மாட்டார்கள். பயந்து போயிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறது.

இந்தக் காட்சியை வேறு எங்கோ பார்த்த மாதிரி இல்லையா? வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு", "ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லு" என்று முன்னால் தள்ளிவிட்டோமே, அப்போது நம் பிள்ளை எப்படி நின்றது?

காப்பகத்து நாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பல நேரம் யாருக்கும் முழுசாகத் தெரியாது. சங்கிலியிலேயே கிடந்ததாக இருக்கலாம். வண்டியில் அடிபட்டுத் தேறியதாக இருக்கலாம். வாடகை வீடு மாறியவர்கள் விட்டுப்போனதாக இருக்கலாம். பல நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கும் கூண்டிலிருந்து திடீரென்று மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் தொலைக்காட்சித் தொடரும் உள்ள வீட்டுக்கு வந்து நிற்கிறது. இது தன் வீடு என்று அதற்கு யார் சொன்னார்கள்?

காப்பகத்துக்காரர்கள் மூன்று, மூன்று, மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் அது மிரண்டுதான் இருக்கும். சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும், அல்லது தூங்கிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பிடிபடும். எப்போது சாப்பாடு, எப்போது நடை, யார் எப்போது வெளியே போய் எப்போது வருவார் என்று தெரிந்துகொள்ளும். பயம் தெளிந்த பிறகுதான் அதன் உண்மையான சுபாவமும் வெளியே வரும். குரைப்பதும் கடித்துக் குதறுவதும்கூட அப்போது தொடங்கலாம். மூன்று மாதம் ஆகும்போது இது நம் வீடு என்ற நம்பிக்கை வரும். இதுவும் பொதுவான கணக்குதான். அடிபட்ட நாய்க்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

நம் வீட்டிலோ நான்காம் நாளே புகார் ஆரம்பமாகிவிடுகிறது. "பக்கத்து வீட்டு லாப்ரடார் சொன்னா உட்காருது, இது பேரைச் சொன்னாக்கூடத் திரும்பல." எல்.கே.ஜி. சேர்ந்த முதல் மாதமே "அந்தப் பொண்ணு ஏ டூ இசட் எழுதுறா, நீ இன்னும் கோடு போட்டுக்கிட்டு இருக்கே" என்றோமே, அதே குரல். பக்கத்து வீட்டுக் கணக்கை விட்டு நம் பிள்ளையை நம் பிள்ளையாகப் பார்த்த நாள் எத்தனை?

முதல் வாரத்தில் நாய்க்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். நடமாட்டம் குறைந்த ஒரு மூலை, அங்கே பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம். அந்த மூலைக்குள் அது போய்விட்டால் யாரும் தொடர்ந்து போகக் கூடாது, கையை விட்டு இழுக்கக் கூடாது. காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே சில நாள் கொடுத்து, மெதுவாக நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். மாற்றும்போது கவனம் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நாம் பாசத்தோடு போடும் சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் ஆகாது. சாக்லேட் விஷம். திராட்சையும் விஷம், பாயசத்தில் போடும் உலர்திராட்சை உட்பட. வேகவைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம், ஊர் சுற்றிக் காட்டவும் வேண்டாம். கேட்டை மட்டும் பூட்டி வையுங்கள். புது வீட்டிலிருந்து நாய் ஓடிப்போகும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம். பால்காரருக்குத் திறந்த கதவு போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போங்கள். சரியான இடத்தில் போனால் தட்டிக்கொடுங்கள். உள்ளே போய்விட்டால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பதும் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும். நம் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும் என்பதை. அடிக்குப் பயந்து ரேங்க் கார்டை ஒளித்து வைக்கும் பிள்ளையும் அதைத்தானே கற்றுக்கொள்கிறது?

ஒளிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, எனக்கு அதிகம் பயம் தரும் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாய் உறுமினால் நாம் அடிக்கிறோம். உறுமல் என்பது அதன் எச்சரிக்கை: "பிடிக்கவில்லை, தள்ளிப் போ." அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் வரும். அந்தப் பல் படுவது பெரும்பாலும் பிள்ளையின் மேல்தான். அதன் உயரத்துக்கு நாயின் வாய் நேராக முகத்துக்கு எதிரே இருக்கிறது.

கடிபட்ட பிள்ளை நம்மிடம் சொல்லுமா? சொன்னால் "உன்னை யாரு அதுகிட்டப் போகச் சொன்னது?" என்று முதல் அடி பிள்ளைக்கு, அடுத்தது நாய்க்கு. அல்லது நாயையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பிள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறது. வெறிநோய் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோயிலிருந்து மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன்னால் தடுப்பதோ எளிது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். பல் பட்டாலும், நகம் கீறினாலும், நாய் ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஊசி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. "அம்மா, கடிச்சிடுச்சு" என்று பயமில்லாமல் ஓடி வந்து சொல்கிற தைரியம் நம் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறதா? கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கியதைச் சொல்லவே பயப்படுகிற பிள்ளை, இதை மட்டும் எப்படிச் சொல்லும்?

ஆகவே நாய் வருவதற்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து சிலவற்றைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது, முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. நாம் போகாமல் அது வரட்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து கையைத் தாழ வைத்திருந்தால் அதுவே வந்து முகர்ந்து பார்க்கும். மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடு. இன்னும் வேண்டுமென்றால் அது கைக்குக் கீழே தலையை நுழைக்கும், வேண்டாமென்றால் நகர்ந்துவிடும். நகர்ந்தால் விட்டுவிடு. சிறு பிள்ளையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போகக் கூடாது. அது எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி.

வேண்டாம் என்று நாய் சொன்னால் விட்டுவிடச் சொல்கிறோம். பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்றால் நாம் விட்டுவிடுகிறோமா?

இனி அதிகாலை ஐந்தரை மணிக்கு வருவோம். ஆறு மணிக்குக் கணக்கு டியூஷன், ஏழரைக்கு வேன். மாலையில் இந்தி, சனிக்கிழமை கராத்தே, ஞாயிற்றுக்கிழமை நீட் அடிப்படை வகுப்பு. நாயோ வாசற்கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறது. "நாய் வேணும்னு நீதானே கேட்டே? நீயே கூட்டிட்டுப் போ!" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். அரைத் தூக்கத்தில் பிள்ளை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. தெருநாய்கள் சூழ்ந்தால் அந்த வயதில் என்ன செய்ய முடியும்? பொறுப்பு கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம். ஏற்கெனவே மூச்சு முட்டும் பட்டியலில் இன்னொரு டியூஷனைச் சேர்த்திருக்கிறோம்.

"போனை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறான், நாய் வந்தாலாவது வெளியே போவான்" என்று நினைத்துக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. கைபேசியை நாம் கீழே வைக்காத வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன் வந்து பிள்ளையைத் திருத்த வேண்டுமா?

நாய் பெரியவர்கள் பொறுப்பு. ஊசி, உரிமம், செலவு, நடை எல்லாம் நம்முடையவை. வந்த சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் ஆகியவற்றின் அட்டையைச் சரிபார்த்து, அடுத்த தேதியை நாட்காட்டியில் குறிக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். காது மடலையும் விரல் இடுக்கையும் தினமும் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதத்துக்கும் அது பொறுக்காது. வெயில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும்தான் நடை.

அக்கம்பக்கத்தாரின் பயத்தையும் மதிக்க வேண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்தூக்கியில் ஒரு குழந்தை பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால், "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வதை விட்டு, அடுத்த முறை வரும் மின்தூக்கிக்குக் காத்திருப்போம். பிள்ளைகள் செய்யட்டும் என்று விடத்தக்க வேலையும் இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பலாம், பெரியவரோடு நடைக்கு வரலாம், நாயின் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கலாம். அலுத்துப்போன நாளில் செய்யாவிட்டாலும் நாய் பட்டினி கிடக்காது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது பாரமாகாது.

காலாண்டுத் தேர்வு வருகிறது. பிள்ளைக்கு அறிவியலில் குறைந்துவிட்டது. விடைத்தாளில் கையெழுத்துப் போடும்போது நம் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தேவிடுகிறது: "அரையாண்டுலயும் இப்படியே வாங்கினா, நாயைக் கொண்டுபோய் விட்டுடுவேன்." சும்மா மிரட்டத்தான் சொன்னோம். விடப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியுமா? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணைக் காலடியில் படுத்திருக்கும் நாயின் மேல் வைத்திருக்கும் பிள்ளைக்கு அன்றைக்கு எந்தப் பாடம் தலையில் ஏறும்?

இதைவிடக் கொடுமையாக ஒரு பிள்ளையை மிரட்ட முடியுமா என்று தெரியவில்லை. அது நேசிக்கும் உயிரைப் பணயமாக வைத்திருக்கிறோம். தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றிரவே பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ எத்தனை மார்க் வாங்கினாலும் நாய் எங்கேயும் போகாது" என்று சொல்லிவிடுங்கள்.

சில வீடுகளில் மிரட்டல் நிஜமாகவும் ஆகிவிடுகிறது. சோபாவின் பஞ்சைப் பிய்த்துப் போட்டது, மாடிக்காரர் புகார் கொடுத்தார், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா பயந்து நின்றுவிட்டார். பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து காப்பகத்தில் விட்டுவிட்டு, "பண்ணை வீட்டுக்குப் போயிடுச்சு, அங்க ஜாலியா இருக்கும்" என்று மாலையில் சொல்லி முடிக்கிறார்கள். காப்பகத்தில் விட்டவராவது பரவாயில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவரும் இருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை.

பள்ளியிலிருந்து வந்து வெறும் சங்கிலியைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? சொன்னபடி கேட்காதவர்களை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதானே?

சில நேரம் திருப்பிக் கொடுப்பது தவிர்க்க முடியாததாகிவிடும். கைக்குழந்தைக்கு ஒவ்வாமை வரலாம், நாய் தொடர்ந்து கடிக்கலாம், வேலை போய்விடலாம். அப்படியானால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, உண்மைக் காரணத்தைச் சொல்லி, எடுத்த காப்பகத்திலேயே விடுங்கள். பிள்ளை அழட்டும். அந்த அழுகையோடு நாமும் இருப்போம். பொய்யில் அந்தத் துக்கம் தீராது. நம் பேச்சை நம்புவதுதான் நின்றுபோகும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ரிசல்ட் வாரத்தில் அவசரமாக ஓடி வராமல், சாதாரணமான ஒரு மாதத்தில் குடும்பமாகக் காப்பகத்துக்கு வாருங்கள். திரும்பத் திரும்ப வாருங்கள். குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், வளர்ந்த நாய்களையும் பாருங்கள். அவற்றின் குணம் பணியாளர்களுக்குத் தெரியும், வெளியே சிறுநீர் கழிக்கும் பழக்கமும் பலவற்றுக்கு இருக்கும். நம் வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் நாட்டு நாய் பொருந்துகிற அளவு ஹஸ்கி பொருந்தாது. வீட்டுக்குத் திரும்பியதும் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். காலை நடை யாருடையது? தீபாவளி வெடிச் சத்தத்தில் அது நடுங்கினால் அன்று வீட்டில் யார் இருப்பது? கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? மாதச் செலவு எவ்வளவு? பாட்டிக்குச் சம்மதமா? பதில் சொல்லும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள்.

ஏதாவது ஒரு கேள்விக்கு எழுதப் பெயர் இல்லையென்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம். அதைப் பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள், படிப்பைக் காரணம் காட்டாதீர்கள். காப்பகங்களுக்குப் பழைய போர்வையும் செய்தித்தாளும் அரிசியும் எப்போதும் தேவை. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயந்த நாய்களோடு பேசிப் பழக்க ஆட்களும் தேவை. அதற்கு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். எல்லாக் கேள்விக்கும் பெயர் எழுத முடிந்த வீடாக இருந்தால், உங்களுக்கான நாய் அங்கே ஏற்கெனவே காத்திருக்கிறது.